கூரை இல்லாத சுவர்கள்

அக்கா மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்தால் கையில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் இருக்கும். அவள் படியேறும்போதே நான் தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்திவிடுவேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வங்கியிலும் துறைமுக அலுவலகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வாசனை அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். அக்கா அதைப் பார்ப்பாள். பொட்டலத்தைக் குசினியில் வைத்துவிட்டு வந்து மின்விசிறிக்கு நேராக உட்காருவாள்.

போன வருடம் ஒரு நாள் பொட்டலம் இல்லாமல் வந்தாள். கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

தூத்துக்குடிக்கு வடக்கே, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல்திட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாடி உண்டு. காற்று மாறி ஊர்க்கரையில் மீன் படாத மாதங்களில் எங்கள் ஆட்கள் சிலர் அங்கே போய்த் தங்கித் தொழில் செய்வார்கள். அதற்காகப் போட்டுக்கொள்ளும் கொட்டில்தான் வாடி. கடல் ஒதுக்கிய கல்லை அடுக்கி இடுப்பளவு சுவர். அதற்கு மேல் கம்பும் ஓலையும். தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு அதே இடம். இப்போது அக்காவும் அவள் மகனும் மருமகளும் போகிறார்கள். அக்கா நெத்திலியும் சாளையும் காயப்போட்டு, காகம் விரட்டி, மூட்டை கட்டுவாள். அந்தச் சில மாதங்களில் வருவதை வைத்துத்தான் மற்ற மாதங்கள் ஓடுகின்றன.

அவள் கொண்டுவந்த தாள் ஒரு வரைபடத்தின் நகல். கரையோரத்தைப் புதிதாக அளந்திருந்தார்கள். ஆள் புழங்கும் இடம் ஒரு நிறம், வெற்று நிலம் வேறு நிறம். வெற்று நிலத்துக்கு வேலி போட்டு ஏதோ ஒரு திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு. மணல்திட்டு முழுவதும் வெற்று நிலத்தின் நிறத்தில் இருந்தது. எங்கள் வாடி இருக்கவேண்டிய இடத்தில் பொடி எழுத்தில் ‘பாழ்’ என்று போட்டிருந்தது.

“ஏலே, நீ படம் போட்டவன்தான. நம்ம வாடிய எங்கல காணும்?” என்று கேட்டாள்.

ஆளில்லாத விமானம் பறந்து படமெடுத்தது தொழில் இல்லாத மாதத்தில் என்று அவளுக்கு விளக்கினேன். அது அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அங்கே ஒரு சின்ன வயசுப் பெண் அதிகாரி. நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினாளாம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

“படம் அன்னைக்கு இருந்ததத்தான் காட்டும், கூரை இல்லாத சுவர்னா பாழுன்னுதான் போடணும்னு சொல்லுதா. சட்டம் மாதிரி சொல்லுதா. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ.”

பார்க்கலாம் என்றேன். அக்கா போன பிறகும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒப்பித்த அந்த வாக்கியம் என்னுடையது. பயிற்சி வகுப்பில் வருடக்கணக்காக, கிட்டத்தட்ட அதே சொற்களில், நான் சொல்லிக்கொடுத்தது. அது எங்கிருந்து பிறந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். என் முப்பதுகளில் வடக்கே, பனிமலைகளுக்கு நடுவே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை வரைபடமாக்கும் குழுவில் இருந்தேன். மரம் என்று ஒன்று இல்லாத இடம். ஆறு சாம்பல் நிறத்தில், கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும். காலையில் தாண்டிய கிளையை மாலையில் தாண்ட முடியாது. வெயிலில் பனி உருகித் தண்ணீர் ஏறியிருக்கும். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். விமானத்திலிருந்து எடுத்த படங்கள் எங்களிடம் இருந்தன. பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டை இரட்டைக் கண்ணாடிக் கருவியின் கீழ் வைத்துப் பார்த்தால், தட்டையான காகிதத்திலிருந்து மலை எழுந்து கண்ணுக்குள் நிற்கும். அதிலிருந்து ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைப்போம். ஆனால் படம் எல்லாவற்றையும் சொல்லாது. இந்தக் கறுப்புக் கோடு பாதையா ஓடையா, இந்தச் சதுரம் சுவரா பாறையா என்று நேரில் போய்த்தான் பார்க்கவேண்டும். ஊர் இருந்தால் ஊர்க்காரர்களிடம் பெயர் கேட்டு எழுதவேண்டும். அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கு எனக்குப் பிடித்திருந்தது. அதன் அழகு மட்டும் காரணம் இல்லை. நீ யார் மகன் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

கேட்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் முகாம் அதிகாரி. வடநாட்டுக்காரர், படித்த பழைய குடும்பம், நல்ல மனிதர். நான் குழுவில் சேர்ந்த புதிதில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, முத்துக்குப் பேர்போன ஊராயிற்றே, உங்கள் குடும்பத்துக்கும் முத்து வியாபாரமா என்று கேட்டார். என் அப்பா சங்கு குளித்தவர். சங்கு எடுக்காத மாதங்களில் வலைக்குப் போனவர். கடலுக்கடியில் இருந்து இருந்து ஒரு காது கேட்காமல் போனவர். நான் சொன்னேன்: ஆமாம் சார், வியாபாரம்தான், இப்போது முன்னைப்போல இல்லை.

அன்றிலிருந்து அவர் என்னை முத்து வியாபாரி என்றுதான் கூப்பிட்டார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். சப்பாத்தி கருகினால்கூட, முத்து வியாபாரிக்கு இதெல்லாம் இறங்காது என்று கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். அவருடைய மகள் கல்யாணத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு சரம் கிடைக்குமா என்று கேட்டபோது, ஐதராபாத்தில் ஒரு கடையில் வாங்கி, எங்கள் கரையில் எடுத்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதுதான் அசல் என்றார்.

வேலை முடியும் தறுவாயில், ஆற்றின் மேல்கோடியில் ஒரு பெரிய வளைவுக்கு அப்பால், படத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிந்தன. அதிகாரியும் நானும் நடந்து போனோம். ஒரு சரிவில், காற்று அடிக்காத மறைவில், இடுப்பளவு கல்சுவர்கள் ஏழெட்டு இருந்தன. கூரை கிடையாது. அதிகாரி மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் ஒரு சுவருக்குள் இறங்கினேன்.

இறங்கியதுமே தெரிந்துவிட்டது.

பாழடைந்த வீட்டில் கூரை உள்ளேதான் விழுந்து கிடக்கும். மக்கிய மரம், இற்றுப்போன கயிறு, சரிந்த கல் என்று தரை தெரியாது. இங்கே தரை கூட்டிவிட்ட மாதிரி இருந்தது. கம்பு நட்ட குழிகளில் மண் விழாமல் கல்லை வைத்து மூடியிருந்தார்கள். மூலையில் காய்ந்த சாணம் வரிசையாக அடுக்கியிருந்தது. அடுத்த தடவைக்கான எரிபொருள். அடுப்பின் மேல் ஒரு பலகைக்கல், அது நகராமல் இருக்க அதன்மேல் ஒரு குண்டுக்கல்.

எங்கள் வாடியிலிருந்து திரும்பும்போது நாங்கள் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். உப்புக்காற்றில் விட்டுவிட்டால் ஓலை அடுத்த வருடத்துக்கு உதவாது. கம்பை விட்டால் யாராவது விறகாக்கிவிடுவார்கள். அப்பா கம்புகளைக் கட்டித் தோளில் வைப்பார். அக்காவும் நானும் சுருட்டிய ஓலையைத் தலையில் சுமப்போம். எல்லாரும் வெளியே வந்த பிறகு அம்மா ஒருத்தி மட்டும் திரும்ப உள்ளே போய், தரையைக் கூட்டி, அடுப்புக் கல் மூன்றையும் கரிப்பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து வைப்பாள். ஆளில்லாத அடுப்பு வானத்தைப் பார்க்கக்கூடாது என்பாள். ஆனால் அது மற்றவர்களுக்கான சேதி. இந்த இடத்துக்கு ஆள் உண்டு, போயிருக்கிறோம், வருவோம் என்று அர்த்தம். அடுப்பு கவிழ்ந்திருக்கும் வாடிக்குள் எங்கள் கரையில் வேறு யாரும் கூரை போடமாட்டார்கள்.

அந்த மலையில் அடுப்பை மூடியிருந்தார்கள், நாங்கள் கவிழ்ப்போம். வித்தியாசம் அவ்வளவுதான். எங்கள் குழுவில் இருந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். கல்லில் உட்கார்ந்தபடி, களைப்போடு, நட்பாகக் கேட்டார்.

வருடத்தில் சில மாதம் ஆட்கள் தங்கும் இடம் என்று எழுதினால், பல நாள் கீழே நடந்து கடைசி ஊருக்குப் போய், இது யாருடைய இடம், என்ன பெயர், எந்த வழியாக வருகிறார்கள் என்று விசாரிக்கவேண்டும். உச்சிகளில் பனி விழத் தொடங்கியிருந்தது. எல்லாருக்கும் வீட்டு நினைப்பு; எனக்குக் கிறிஸ்மஸ் நினைப்பு. இவையெல்லாம் உண்மைதான். பின்னாட்களில் எனக்கு நானே இவற்றைத்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் இவற்றுக்காக நான் பொய் சொல்லியிருக்கமாட்டேன். அதுவரை எத்தனையோ முறை வேலைக்காக விடுமுறையை விட்டவன் நான்.

எப்படித் தெரியும் என்று அவர் அடுத்ததாகக் கேட்பார். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் சார், கூரையைத் தலையில் சுமந்துகொண்டு வருவோம் என்று நான் சொல்லவேண்டியிருக்கும். அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

பழைய இடிபாடு சார், ஆள் வந்து பல வருடம் ஆகியிருக்கும் என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அப்படியானால் கீழே போகவேண்டியதில்லை என்று எழுந்தார். நான் படத்தின் மேல் பென்சிலால் ‘பாழ்’ என்று எழுதினேன். வரைபடம் அச்சாகி வந்தபோது அந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும் ஒரு பெயர்கூட இல்லை. ஆற்றின் கோடுகளும் உயரக் கோடுகளும், மேல்கோடியில் அந்த ஒரு சொல்லும்தான். கூட வந்த குறிப்பில் ‘மக்கள் வசிக்காத பகுதி’ என்று இருந்தது.

கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தேன். அப்பா தன் நல்ல காதை என் பக்கம் திருப்பி, அங்கன என்ன இருக்கு என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஆளில்லாத இடம் என்றேன்.

“ஆளில்லாத எடத்த எதுக்குல அளக்காவ?” என்றார்.

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு பயிற்சி நிறுவனத்தில் ஆசிரியரானேன். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு வான்படத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை. எடுத்துக்காட்டாக நான் காட்டியது அந்தப் பள்ளத்தாக்கின் தாளைத்தான். அதில் உயரக் கோடுகள் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தன. எனக்கு அதில் பெருமை. சதுரங்கள் வரும்போது, கூரை இல்லாத சுவர் என்றால் பாழ், வரைபடம் அன்றைக்கு இருந்ததைத்தான் காட்டும் என்பேன். முதல் தடவை சொன்னபோது கொஞ்சம் தயங்கினேன். போகப் போகத் தயக்கம் போய்விட்டது. ஒரு பொய்யை விதியாக்கிவிட்டால் அது பொய் மாதிரியே தெரிவதில்லை.

ஒரு வருடம் அந்த மலைப்பகுதியைச் சேர்ந்த ஒருவர் பயிற்சிக்கு வந்திருந்தார். கல்யாணமானவர், அமைதியானவர், கடைசி வரிசையில் உட்காருவார். அந்தத் தாளைக் காட்டிய வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். எனக்கு இந்தி சரளமாக வராது என்று தெரிந்து நிதானமாகப் பேசினார். அந்தச் சுவர்களில் ஒன்றுக்குள்தான் தன் அம்மா பிறந்தார் என்றார். கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்த் தங்கும் இடம். கூரைத் துணியையும் கம்புகளையும் யாக் மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, பனி விழுவதற்கு முன்பே திரும்பிவிடுவார்கள். இப்போது கீழே பாலத்தில் காவலர்கள் நிறுத்திவிடுகிறார்கள். வரைபடத்தில் அங்கே ஆளே இல்லையே, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். சில குடும்பங்கள் ஆடுகளை விற்றுவிட்டன என்றார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அந்தத் தாளைப் போட்டது நான்தான் என்பது அவருக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. இதைத் திருத்த என்ன வழி சார் என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தின் பெயரைச் சொன்னார். நான் எழுதிக்கொள்வேன் என்று நினைத்து, எழுத்து எழுத்தாக, என் கையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னார்.

வரைபடம் அன்றைக்கு இருந்ததைத்தான் காட்டும் என்றேன்.

சரி சார் என்றார். பயிற்சியை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர்களுக்கும் நான் அதே தாளைக் காட்டி அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

அக்காவுக்குப் பார்க்கலாம் என்று சொன்னேனே தவிர, போகாமல் தப்பிக்க என்ன வழி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். புதிய வரைபடத்துக்கு மறுப்பு இருந்தால் கேட்கும் கூட்டம் ஓட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில். அன்று காலையில் அக்கா நல்ல சேலை கட்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள். பேருந்தில் போகும்போது நான் பேசவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். தொழில் நடக்கும் மாதத்தில் படமெடுக்காதது தவறு என்று ஓய்வுபெற்ற நிபுணனாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசவேண்டியதே இல்லை.

கூடத்தில் வாடிக்காரர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அந்தப் பெண் அதிகாரி எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னாள். நான் அடுக்கி வைத்ததைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

“சார், எங்க ஆசிரியர் உங்ககிட்டப் படிச்சவர். அந்த வடக்குப் பள்ளத்தாக்கு ஷீட்டைத்தான் எங்களுக்கும் காட்டினாங்க. அதுல கூரை இல்லாத சுவர் பாழ்னா, இதுவும் பாழ்தானே சார்? உங்களுக்காக இதை மட்டும் மாத்தினா, மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அவள் என்னை மடக்கக் கேட்கவில்லை. ஒழுங்காக வேலை செய்ய நினைக்கிற ஒரு பெண்ணின் கேள்வி அது. அக்கா என்னைப் பார்த்தாள். தம்பி இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான் என்று அவள் முகத்தில் நம்பிக்கை இருந்தது. நான் சும்மா இருந்தால் வாடி போய்விடும்.

அது பாழ் இல்லை என்றேன். அங்கே ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், எழுதும்போதே எனக்குத் தெரியும் என்றேன். கூரை விழுந்த வீடு எப்படி இருக்கும், கூரையை எடுத்துக்கொண்டு போன வீடு எப்படி இருக்கும் என்று சொன்னேன். சாணம், கம்புக் குழிகள், மூடிய அடுப்பு எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வாடியிலும் அடுப்புக் கல் கவிழ்ந்துதான் கிடக்கும், போய்ப் பார்க்கலாம் என்றேன். வாடிக்காரர் ஒருவர், ஆமா, கவுத்துத்தான் வைப்போம் என்றார்.

அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டாள். “தெரிஞ்சும் ஏன் சார் அப்படிப் போட்டீங்க?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவேண்டும். எதிர்பார்க்கவில்லை.

“எங்க அப்பா சங்கு குளிக்கிறவர். அத எங்க அதிகாரிகிட்டச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. முத்து வியாபாரின்னு சொல்லி வச்சிருந்தேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, பிறகு இருமுவதுபோல மாற்றிக்கொண்டார். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருடைய தகப்பனோ தாத்தாவோ சங்கு குளித்தவர்கள்தான். அக்கா என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சொன்னதை மட்டும் வைத்து எதையும் மாற்ற முடியாது, ஆனால் வேலியைப் பற்றிய முடிவை நிறுத்திவைக்க எழுதுகிறேன், வாடிக்கு ஆட்கள் போகும்போது நேரில் வந்து அளந்து பதிகிறேன் என்று அந்தப் பெண் சொன்னாள். அவள் அதைச் சொன்னது அக்காவைப் பார்த்து.

திரும்பி வரும்போது அக்கா சன்னலோரம் உட்கார்ந்தாள். உப்பளங்கள் தெரியத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா முத்து வியாபாரியால?” என்றாள். “அப்படின்னா கல்யாணத்துக்கு எனக்கு ஒரு மாலையாவது போட்டுருக்கணுமே. கழுத்துல மஞ்சக் கயிறத் தவிர ஒண்ணையும் காணுமே.”

அது அவள் வழக்கமான கேலி. ஆனால் அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, இது அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். சாகும்வரை தெரியாது என்றேன். நல்லது என்றாள். இறங்கும் இடம் வந்தபோது கம்பியைப் பிடித்து எழுந்துகொண்டே சொன்னாள்:

“நம்ம வாடிக்கு நீ வந்து சொல்லிட்ட. அந்த மலைக்காரங்களுக்கு யாருல போயிச் சொல்லுவா?”

அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் மில்லர்புரத்துக்கு வரவில்லை. நான் சன்னலைச் சாத்தவேண்டிய அவசியம் வரவில்லை. இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். மருமகள் தேநீர் கொடுத்தாள். அக்கா வேலையாக இருந்தாள்.

காற்று மாறியதும் அக்கா மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். நாளைக்குத் திட்டுக்குப் போகிறோம், அதிகாரியம்மா அளக்க வாராவ, நீங்களும் வேணும்னா வரலாம்னு அம்மா சொல்லுதாவ என்றான். வேணும்னா என்ற சொல்லை அவன் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான். போனேன்.

வண்டியிலிருந்து கம்புகளையும் ஓலைச் சுருள்களையும் இறக்கி, மணலில் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்து ஒரு கம்பைப் பிடித்தேன்.

“நீ எடுக்காத,” என்றாள் அக்கா. “அங்கன நில்லு. வாரவங்க பாத்தா முத்து வியாபாரி வந்துருக்காருன்னு நெனைக்கட்டும்.”

மருமகள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கம்பை விட்டுவிட்டு நின்றேன். பிறகு, கம்பு வேண்டாம் என்றுதானே சொன்னாள் என்று ஓர் ஓலைச் சுருளைத் தலையில் தூக்கி வைத்தேன். மணலில் கால் புதைந்தது. வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்தேன். அவள் என்னைக் கடந்து போனாள், நிற்கவில்லை. வாடிக்குள் இறங்கி, அம்மா செய்தது போலவே முதலில் அடுப்புக் கல் மூன்றையும் நிமிர்த்தினாள். போன வருடத்துக் கரி அப்படியே இருந்தது.

அந்தப் பெண் அதிகாரி கருவியோடு வந்து, சுவரின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பதிந்தாள். கூரை போடுவதற்கு முன்பே தரையையும் குழிகளையும் படமெடுத்துக்கொண்டாள். மற்ற வாடிகளுக்கும் போய்விட்டு வந்தாள். கடைசியில் கையிலிருந்த திரையைத் தட்டிக்கொண்டே என்னிடம், இந்த இடத்துக்குப் பேர் என்ன சார் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். ஆனால் அக்காவைக் கேளுங்கள் என்றேன்.

அக்கா சொன்னாள். அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அக்கா கையில் பிடித்திருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று, அந்தப் பெண்ணின் விரல் எழுதுகிறதா என்று பார்த்துக்கொண்டே, எழுத்து எழுத்தாக இன்னொரு தடவை சொன்னாள். அந்த மாதிரி ஒருவர் நின்றதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். நான் வாடியை விட்டு வெளியே வந்து, படகுகள் இருந்த பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன்.

திருத்திய வரைபடம் வந்துவிட்டது. திட்டில் எங்கள் வாடி இருக்கிறது, பெயரும் இருக்கிறது. வேலி வரவில்லை. அக்கா மறுபடி மில்லர்புரத்துக்கு வருகிறாள். பொட்டலத்தைக் குசினியில் வைத்துவிட்டு, சன்னலை அவளே பெரிதாகத் திறந்து வைக்கிறாள். முன்னைப்போலப் பேசுகிறாள் என்று சொல்லமாட்டேன். அப்பாவைப் பற்றிய பேச்சு வந்தால் நிறுத்திவிடுகிறாள்.

என் பழைய துறைக்கு எழுதினேன். அந்தத் தாளில் பாழ் என்று இருப்பது தவறு, தெரிந்தே நான் செய்த தவறு என்று எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. இடத்தைச் சரியாகக் குறித்துக் கொடுக்கவேண்டும், உள்ளூரில் வழங்கும் பெயரையும் கொடுத்தால் திருத்தத்துக்கு எடுத்துக்கொள்வோம் என்று இருந்தது. இடத்தை என்னால் குறிக்க முடியும். அந்த வளைவு, அந்தச் சரிவு, இரண்டு உச்சிகளிலிருந்தும் அது இருக்கும் திசை எல்லாம் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. குறித்து அனுப்பிவிட்டேன். பெயர்தான் இல்லை. பயிற்சிக்கு வந்த அந்த மலைக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டேன். அவர் பெயரையும் வந்த வருடத்தையும் நான் மறந்துவிட்டதால் யாராலும் உதவ முடியவில்லை. கடைசி வரிசையில் உட்காருவார் என்று மட்டும் என்னால் சொல்ல முடிகிறது.

அந்த இடத்தின் பெயர் மூன்று அசை என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு மூக்கொலி வரும். சில சமயம் நாக்கு நுனிவரைக்கும் வந்து போய்விடுகிறது. அவர் அதை இரண்டு தடவை சொன்னார். அப்போது என் கையில் சாக்பீஸ் இருந்தது. பின்னால் கரும்பலகையில் இடமும் இருந்தது.